ஃபூ ஹாவின் ஆந்தை: உடல் வந்தாயிற்று, மூடி பாக்கி

சீனாவின் ஷாங் வம்ச அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் கிடைத்த ஆந்தை வடிவ மதுக் கலத்தைப் பாதி உயரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். உடல் பகுதிக்கான அச்சுகள் சூளையிலிருந்து நல்லபடியாக வந்துவிட்டன. தேன்மெழுகில் முதல் வார்ப்பும் எடுத்தாயிற்று.

மூலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆன்யாங்கில் கொள்ளை போகாமல் தப்பியிருந்த அந்தக் கல்லறையை 1976இல் கண்டுபிடித்தார்கள். மன்னர் வூ டிங்கின் மனைவியான ஃபூ ஹாவ் படை நடத்திப் போனவர். காலம் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன். ஆந்தைகள் ஜோடியாகக் கிடைத்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 46 செ.மீ. உயரம். ஒன்று ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மற்றது பெய்ஜிங்கில். தடித்த இரண்டு கால்களோடு வாலும் தரையில் ஊன்றி நிற்கும். இறக்கையில் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கும். அந்தப் பாம்புக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றும் முறையை ஷாங் வார்ப்பர்கள் கையாளவில்லை. அவர்களுடையது துண்டு அச்சு. முதலில் களிமண்ணில் முழு உருவம். அது இறுகியதும் மேலே ஈரமண்ணை அப்பி, அழுத்தி, பதமாகக் காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும்.

எங்கே வெட்டுவது? இங்கேதான் எனக்கு இந்தக் கலை பிடிபட ஆரம்பித்தது. ஆந்தையின் முகத்து நடுவில் ஒரு முகடு மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதன் வழியே வெட்டினால் இரண்டு துண்டும் சுத்தமாகப் பிரிகின்றன; வார்ப்பில் இணைப்புக் கோடு முகட்டோடு முகடாக மறைந்துவிடுகிறது. ஷாங் கலங்களில் நம்மை முறைத்துப் பார்க்கும் தாவ்தியே என்ற மிருக முகங்களும் பெரும்பாலும் இப்படித்தான்: மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் முகடு, இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு பக்கவாட்டு மிருகங்கள். அச்சின் தேவையும் அலங்காரமும் இவ்வளவு இணக்கமாகப் போவதை வேறெந்த வார்ப்பிலும் நான் பார்த்ததில்லை.

பின்னணியில் வரும் லேவென் என்ற சதுரச் சுருள்கள்தான் அதிக நேரம் பிடித்தன. கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் கீறினேன். கோட்டின் வாய் அடியைவிட ஒரு நூல் அகலமாக இருந்தால் அச்சு பிசிறில்லாமல் கழன்று வருகிறது. பாம்பின் செதில்களுக்கும் அதே குச்சிதான்.

அப்புறம் உள்கரு, அதாவது கலத்தின் உள்ளே வெற்றிடம் கிடைக்க அச்சுக்குள் வைக்கும் மண் உருவம். அச்சு எடுத்து முடித்த அதே மண் உருவத்தைச் சுற்றிலும் 4 மி.மீ. சுரண்டினேன். சுரண்டிய கனம்தான் கலத்தின் சுவர் கனம். கருவும் அச்சும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் காலத்தில் இடையிடையே சிறு வெண்கலத் துண்டுகளை வைத்தார்கள். நான் மெழுகுத் துண்டுகளை வைத்தேன். சுட்ட அச்சுகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, தலைகீழாக நிறுத்திக் கால் வழியாக ஊற்றினேன். ஷாங் கலங்கள் பலவற்றையும் தலைகீழாக வைத்தே வார்த்திருக்கிறார்கள்.

பாம்பு செதில் செதிலாக அப்படியே வந்திருக்கிறது. முகட்டில் கசிந்த மெல்லிய தகட்டைக் கத்தியால் சீவியதோடு சரி.

அடுத்தது மூடி. அதன்மேல் ஒரு குட்டிப் பறவை நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு டிராகன். இரண்டுக்கும் அச்சை எந்தப் பக்கம் பிரிப்பது என்று படம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.