பாட்டில் தண்ணீர் குறையவே இல்லை

பாப்பாவின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாத ஊசிக்கு நேராகத் தேதி இருந்தது, சீல் இல்லை. அதற்காக டே கேரில் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். "சீல் இல்லாம எடுக்க மாட்டோம் மேடம்" என்றார் அலுவலகத்தில் இருந்த பெண். ஊசி போட்டது அம்பாசமுத்திரம் பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில். தம்பி அட்டையை எடுத்துக்கொண்டு போய் சீல் வாங்கி அனுப்ப நான்கு நாள் ஆனது. காகிதத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் பிள்ளையையும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017 சட்டத் திருத்தத்தில் வந்த விதி. என் அலுவலகம் காட்டிய காப்பகமோ ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரு முறை போய் வரவே மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும். அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தச் செலவில் தேடினேன். பணம் கட்டியது, பை வாங்கியது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

அப்போது அவளுக்கு ஒரு வயது இரண்டு மாதம். "தண்ணி", "காக்கா", "தா" என்று மூன்று வார்த்தை சொல்வாள். மூன்று வாரத்தில் மூன்றும் நின்றுபோயின. இடம் பழகும் வரை அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மாலையில் பையைத் திறந்தால் காலையில் நான் நிரப்பிய தண்ணீர் அதே அளவில் இருந்தது. மறுநாளும் அப்படியே. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு அனுப்பினேன். கோடு இருந்த இடத்திலேயே தண்ணீரும் இருந்தது.

ஒரு நாள் சொல்லாமல் மூன்று மணிக்குப் போனேன். பதினான்கு பிள்ளைகள், டிவியில் பாட்டு, ஒரே ஒரு ஆயா. இன்னொருவர் சமையலறையில், மூன்றாமவர் லீவு. மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவராவது வேண்டும் என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தார். "தண்ணி" என்று கேட்டுக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் பிள்ளை ஏன் கேட்கப்போகிறது?

அன்று இரவு முழுக்கக் குற்ற உணர்ச்சி. அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிக மணி நேரம் பிறர் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளிடம் முரண்டு சற்றுக் கூடுதல். ஆனால் பார்த்துக்கொள்பவர் பிள்ளையோடு நன்றாகப் பேசிப் பழகும் இடங்களில் பேச்சும் அறிவும் நன்றாக இருந்தன. எல்லாவற்றையும்விட வீட்டுச் சூழலின் பாதிப்பே பெரியது. வேலையை விட வேண்டியதில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தெளிந்தேன்.

அடுத்த இடத்துக்குப் போனபோது சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், சாயங்காலம் என்று மூன்று முறை பார்த்தேன். நீங்களும் அப்படிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மொத்தம் எத்தனை ஊழியர் என்று கேட்காதீர்கள், இந்த அறையில் இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள். கேமரா இருக்கிறது என்றால் நிம்மதி அடைய வேண்டாம், அதில் பேச்சு கேட்காமல் போகலாம்.

இங்கே எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு அக்கா. "மொத வாரம் நீங்களும் உக்காருங்கம்மா. புள்ள உங்க மொகத்தப் பாத்துட்டுதான் எங்ககிட்ட வரும்" என்றார் மூத்தவர். கை கழுவிவிடும்போதே "இது சோப்பு, வழுக்குதா, இந்தா தண்ணி" என்று பேசிக்கொண்டே இருந்தார். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டினோம். ஆறு நாள் லீவு போனது. பதினோராம் நாள் கூப்பிடப் போனபோது அவர் தோளில் இருந்தபடியே ஜன்னலைக் காட்டி "காக்கா" என்றாள். வண்டியில் ஏறும் வரை என்னால் பேச முடியவில்லை.

பழைய இடத்தில் கட்டிய மூன்று மாத அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. பாதியில் நிறுத்தினால் திருப்பித் தருவார்களா என்று சேரும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.