பினாங்கில் மூடப்போகும் ஒரு ரெக்கார்டு கடை

கடையைக் காலி செய்கிறார்கள், இசைத்தட்டெல்லாம் பாதி விலை என்று நண்பர் சொன்னதுமே கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கிளம்பிவிட்டேன். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி இறங்கினால் ஜார்ஜ்டவுன், அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். பசியாறிவிட்டு, குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன்.

கடைக்குள் நல்ல கூட்டம். எல்லாரும் இளையராஜா பெட்டியைச் சுற்றித்தான். எண்பதுகளில் வந்த எக்கோ கம்பெனித் தட்டுகள், அட்டை கிழியாமல் இருந்தால் பாதி விலையிலும் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையவில்லை. அந்த ஒலிப்பதிவுக்கு அது தகும். ஆனால் அந்தப் பாட்டுகள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன. நான் தேடி வந்தது, படத்தின் வசனங்களைப் பதிந்த கதை வசனத் தட்டுகளை.

"கதை வசனமா தம்பி? கீழே கிடக்கு பாருங்க. எதை எடுத்தாலும் அஞ்சு வெள்ளி. யாரும் கேக்கிறதே இல்ல" என்றார் கடைக்காரப் பெரியவர்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பினாங்கு ஈரத்தில் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை. அது துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். கீறலைத்தான் பார்க்க வேண்டும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கீறல்மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் ஊசியும் தடுக்கும். பிறகு விளிம்பைக் கண் மட்டத்தில் வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத் தட்டு கிடைத்தது. 1959-இல் வந்த படம். அட்டையின் பின்புறம் ஊதா மையில் கெடா மாநில எஸ்டேட் தோட்டமொன்றின் இளைஞர் மன்ற முத்திரை. அதன் கீழே பேனாவில், "திருவிழாவுக்கு மட்டும். வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது." அதை எத்தனை தடவை படித்தேனோ! அப்பா வளர்ந்த தோட்டத்திலும் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் முழங்குவாராம். படம் பார்க்காதவர்கள்கூட வரி பிசகாமல் பேசிக் காட்டுவார்களாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு சனங்கள் பட்டணத்துக்கு வந்தபோது இந்தத் தட்டுகளும் எங்கெங்கோ சிதறிவிட்டன. நம் ஆட்கள் எதை, எப்படிச் சேர்ந்து கேட்டார்கள் என்பதற்கு இந்த முத்திரைகளை விட்டால் வேறு சாட்சி அதிகம் இல்லை.

கடை ஏன் மூடுகிறது என்று கேட்டேன். வாடகைதான். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-த்தோடு போனது. 2008-இல் ஊர் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கப்புறம் ஏறிய வாடகையை இத்தனை காலம் தாங்கியதே பெரிது. சொல்லும்போது பெரியவர் யாரையும் திட்டவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை.

இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டேன். தட்டுகளை நிற்க வைத்தபடியே கொண்டு போங்கள், படுக்கப்போட்டு மேலே பாரம் வைத்தால் நம் ஊர் வெயிலில் வளைந்துவிடும்.

மாதக் கடைசி வரை கடை திறந்திருக்கும். மிஞ்சுவதைப் பழைய சாமான்காரரிடம் மொத்தமாகத் தள்ளிவிடப் போகிறாராம். போகிறவர்கள் கீழ்ப் பெட்டிகளைக் கிளறாமல் திரும்பாதீர்கள். தோட்டத்து முத்திரை உள்ள அட்டை கிடைத்தால், தட்டு கீறியிருந்தாலும் வாங்கி வையுங்கள். முத்திரையை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்.