குன்னூரில் ஓர் ஓடைச் சுவருக்குப் படம் எழுதிய அனுபவம்

பொது இடத்துச் சுவரில் படம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பெயின்ட் கடைக்குத்தான் போகிறார்கள். போக வேண்டியது அங்கே இல்லை. சுவர் யாருடையது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். எங்கள் தெருவின் ஓடைச் சுவரைப் பார்த்துவிட்டு "எப்படி அனுமதி வாங்கினீங்க, என்ன பெயின்ட் அடிச்சீங்க" என்று பலர் கேட்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடைப் பெயர்ப்பலகை வேலை அநேகமாக நின்றுபோனது. இப்போது தேர்தல் வந்தால் சுவர் எழுத்து, மற்ற நாட்களில் வண்டிகளுக்கு எழுத்து, கோவில் கமிட்டி போர்டு என்று ஓடுகிறது. அதனால் சுவர் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அலுவலகம் பற்றித்தான் புதிதாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. கீழே இறங்கிக் குன்னூர் ஆற்றில் சேர்கிறது. வீடுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து நிற்கின்றன. ஓடைக்குக் காட்டுவது அடுப்படிச் சுவரும் பாத்ரூம் குழாயும்தான். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அங்கே ஓடை இருப்பதே மழைக்காலத்தில் சத்தம் கேட்டால்தான் தெரியும். எதிர்க்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் தடுப்புச் சுவர், அதன் தலையில் சிமென்ட் பூசிய கைப்பிடிச் சுவர். சின்னப் பாலத்தில் நின்றால் முழுச் சுவரும் தெரியும். அந்தப் பாலத்தில் இருந்துதான் குப்பைப் பையை வீசுவார்கள்.

சுவர் நகராட்சியுடையது என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள், இல்லை பொதுப்பணி என்றார்கள் மீதிப் பேர். 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். ஓடை புறம்போக்கு என்று இருந்தது. சரி, ஆனால் அது நிலம்தான். மேலே சுவர் கட்டியது யார்? ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் சுவரே பதில் சொன்னது. பாலத்துப் பக்க முனையில் பாசி படர்ந்த ஒரு சதுரக் கல் இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது வேலையின் பெயரும் திட்டமும் நிதியாண்டும் எழுத்தாகத் தெரிந்தன. யார் கட்டியது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து மனுவோடு வைத்த பிறகு யாரும் எங்களை அலைய விடவில்லை. நீங்கள் முயற்சி செய்தால் முதலில் சுவரின் இரண்டு முனையையும் தேய்த்துப் பாருங்கள்.

மனு ஒரே பக்கம்தான். கவுன்சிலர் அக்கா சொன்னபடி, என்ன செய்யப் போகிறோம் என்பதைவிட என்ன செய்ய மாட்டோம் என்பதை அதிகமாக எழுதினோம். விளம்பரம் இல்லை, கட்சிச் சின்னம் இல்லை, நன்கொடையாளர் பெயர் இல்லை, ஓடையில் பெயின்ட் கலக்க விடமாட்டோம், செலவு எங்களுடையது. விளம்பரம் இல்லை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க இங்கே 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் விளம்பரம் எழுதினால் அதன்படி வழக்குப் போடலாம். ஒரு பெயின்ட் கம்பெனி ஏஜென்ட் மூலையில் லோகோ போட்டால் பெயின்ட் இலவசம் என்றார். வேண்டாம் என்றோம். லோகோ ஒன்று ஏறினால் அதற்குப் பக்கத்தில் நாலு கட்சிப் பெயர் ஏற எத்தனை நாள் ஆகும் என்று சுவர் எழுதியே பிழைக்கிற எனக்குத் தெரியாதா?

பார்வையிட வந்த இன்ஜினியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: சுவரில் இருக்கிற தண்ணீர்த் துளைகளை அடைக்கக் கூடாது. கொத்தனார்கள் 'வீப் ஹோல்' என்பார்கள். மழையில் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரும். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சுவரை முன்னால் தள்ளிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அனுமதி கைக்கு வந்த பிறகு என்ன வரைவது என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. எதிர் வீட்டுப் பாட்டி, "சாமி படம் போடு தம்பி, ஒரு பய குப்பை கொட்ட மாட்டான்" என்றார். ஊர் முழுக்க அப்படித்தானே செய்கிறார்கள், மூத்திர நாற்றம் அடிக்கிற சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டுகிறார்கள். "மழை வந்தா சாக்கடைத் தண்ணி சாமி மூஞ்சிலதானே தெறிக்கும் பாட்டி?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வேணாம்" என்றார். காலேஜ் படிக்கிற பிள்ளைகள், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி டிசைனும் குறும்பர்களின் ஓவியமும் போடலாம் என்றார்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பழைய பாறை ஓவியம் இருக்கிறது, குறும்பர்கள் இன்றைக்கும் வரைகிறார்கள். அவர்களை அழைத்துக் கூலி கொடுத்து வரையச் சொன்னால் அது மரியாதை. நான் பார்த்து நகல் எடுத்தால் அது திருட்டு என்பது என் கருத்து. கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை, அதனால் விட்டுவிட்டோம்.

கடைசியில் ஓடையையே வரைவது என்று முடிவானது. ஓடை இங்கிருந்து எங்கே போகிறது என்பது ஒரு நீளமான கோடு: குன்னூர் ஆறு, மலை ரயில் பாதைக்குக் கீழே பள்ளத்தாக்கு, மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானி, பவானிசாகர் அணை, கூடுதுறை, காவிரி, பூம்புகார்க் கடல். ஒவ்வொரு ஊர் பெயரும் போர்டு எழுத்தில். கோட்டுக்கு மேலும் கீழும், தெருவில் பெரியவர்கள் சின்ன வயதில் இந்த ஓடையில் பார்த்ததாகச் சொன்னவை: நண்டு, தலைப்பிரட்டை, ஓரமாகக் காசித்தும்பை, காலையில் விசிலடிக்கிற சீகாரப் பூங்குருவி. வாலாட்டி மட்டும் இப்போதும் குளிர் மாதங்களில் வந்து சாக்கடைக் கல்லின் மேலும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. நீர்நாய் பார்த்ததாக ஒருவர் அடித்துச் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். நீலகிரி ஓடைகளில் நீர்நாய் உண்டு என்பதால் நான் அவர் பக்கம். சுவரில் அதுவும் இருக்கிறது.

அடுத்தது பெயின்ட். கைப்பிடிச் சுவர் சிமென்ட் பூச்சு, இரண்டு பக்கமும் காற்று படும். அதற்கு பிரைமர் அடித்து வெதர் கோட் எமல்ஷன் போதும். கீழே இருக்கிற கல் சுவர் வேறு சாதி. அதன் முதுகில் மண் இருக்கிறது, ஈரம் உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி மூடுகிற எமல்ஷனை அங்கே அடித்தால் முதல் மழையிலேயே கொப்புளம் போட்டு உரிந்துவிடும். உரிகிற பட்டை முழுக்க ஓடைக்குத்தான் போகும். எவ்வளவு ஈரம் என்று பார்க்க பாலிதீன் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

அதனால் கல் சுவருக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடியும் கல்லாக இறுகும். மேட்டுப்பாளையத்தில் இருந்து கல் சுண்ணாம்பு வாங்கி, டிரம்மில் நீற்றி, நன்றாக ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டினோம். பதம் பால் மாதிரி இருக்க வேண்டும். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாகக் கொட்டும். மெல்லிசாகப் பல கை அடித்தால் நிற்கும். அடிக்கும் முன் கல்லை நனைத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, "என்னண்ணா வெறும் தண்ணிய அடிக்கிறீங்க" என்று பையன்கள் கேட்பார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் வெள்ளை எழும்பி வரும்.

சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்காது, பல பொடிகளை அதன் காரம் தின்றுவிடும். காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, கருப்பு ஆக்சைடு, பச்சை ஆக்சைடு, துணிக்குப் போடுகிற மாதிரி நீலம் என இவ்வளவுதான் நம்பலாம். பொடியும் சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, போனால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒரு வேடிக்கை. நமக்கு நன்றாக வருவது சிவப்பு, கருப்பு, வெள்ளை. இந்த மாநிலத்தில் சிவப்பும் கருப்பும் ஒட்டி வந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை நுழைந்தால் இன்னொரு கட்சி! நண்டின் சிவப்பு முதுகுக்குப் பக்கத்தில் கரும்பாறை வந்த இடத்திலெல்லாம் நடுவே ஒரு மஞ்சள் கோடோ பச்சைப் பெரணியோ விட்டுத்தான் வரைந்தேன். ரசனைக்காக என்று நினைத்துப் பலர் பாராட்டுகிறார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அது ஓய்ந்து, பனி குறைந்து, தை கழிந்த பிறகு ஆரம்பித்தோம். தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு முன் முடிக்க வேண்டும் என்று தெருவே கெடு வைத்தது. அப்போதும் காலையில் பத்து மணி தாண்டித்தான் சுவரில் ஈரம் காயும். மூன்று மணிக்கு மேல் பள்ளத்தில் இருந்து மஞ்சு ஏறிவிட்டால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

சாரத்தின் அடியில் தார்பாய் கட்டியிருந்தோம். புதுச் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடையில் விழுந்தால் இருக்கிற நாலு பூச்சியும் செத்துப்போகும். பிரஷ் கழுவிய தண்ணீரை மேலே குழி வெட்டி ஊற்றினோம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருந்தது.

எழுத்து அளவுக்குப் போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். பாலத்தில் இருந்து சுவரின் கடைசி முனை நாற்பதடி, நாலு அங்குலம் போதும். பாட்டிகளுக்காக ஆறு அங்குலம் போட்டேன். நூல் அடித்துக் கட்டம் போட்டு வரைந்தோம். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கேட்காது, எங்கள் வீட்டுப் பக்கக் கரையில் ஒரு பெண் நின்று இன்னும் மேலே, இன்னும் வலது என்று கையைக் காட்டுவாள். துளைகளை என்ன செய்வது என்று யோசித்து, ஒவ்வொன்றையும் நண்டு வளையாக்கிவிட்டேன். மழைக்காலத்தில் நண்டு வீட்டில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 2009இல் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு ஒரு நீலக் கோடும் போட்டோம். எங்கே போடுவது என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. ஒரு வீட்டுப் பின்கதவில் பழைய கறை இருந்தது, அதைப் பார்த்து முடித்தோம். நடுவில் ஒரு ராத்திரி காட்டுமாடு வந்து காயாத கைப்பிடிச் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. அதற்கு மனு கொடுக்க இடமில்லை. பவானிசாகரை மறுபடியும் வரைந்தேன்.

பலன் என்ன என்று கேட்பார்கள். பாலத்தில் இருந்து குப்பை வீசுவது வெகுவாகக் குறைந்தது. வளைவுக்கு அப்பால், படம் தெரியாத இடத்தில் இன்னும் கிடக்கிறது. ஓடைத் தண்ணீர் படத்தால் சுத்தமாகவில்லை, ஆகவும் ஆகாது. குழாய்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். திறந்தால் தன் வீட்டுக் குழாயும் கண்ணில் படத்தானே செய்யும்?

வருடா வருடம் மழை முடிந்து ஒரு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருக்கும், அதற்குத் தெருவில் சீட்டு மாதிரி கொஞ்சம் பணம் சேர்க்கிறோம். போன வாரம் எதிர்க்கரை வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். அவருடைய பின்சுவரிலும் ஏதாவது வரைந்து தர வேண்டுமாம், கூலி தருகிறேன் என்றார். அந்தச் சுவரின் நடுவில்தான் அவர் வீட்டுக் கழிவுக் குழாய் இருக்கிறது. "அண்ணா, முதல்ல குழாயை செப்டிக் டேங்குக்குத் திருப்புங்க, கூலியே வேண்டாம், வரைஞ்சு தர்றேன்" என்றேன். கோபமாகத்தான் போனார். நேற்று டீக்கடையில் பார்த்தபோது, குழி வெட்ட ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார். இரண்டு பேருடைய நம்பர் கொடுத்திருக்கிறேன்.