ஆர்வெல் பெயர் சொல்லாத இருவர்

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘யானையைச் சுடுதல்’ கட்டுரையை நேற்று ராத்திரி மறுபடி எடுத்தேன். 1936-இல் வந்தது. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், ஏகாதிபத்தியத்தின் முகமூடியை அதில் உரித்துக் காட்டுகிறார். சரி. ஆனால் யானை மிதித்து, கண் திறந்து, பல் தெரியச் சேற்றில் கிடக்கிறானே அந்தத் திராவிடக் கூலி, அவனுக்குப் பெயரே இல்லை. அவன் செத்ததால், யானையைச் சுட்டதில் சட்டப்படி தன் பக்கம் நியாயம் என்று கடைசியில் ஆர்வெல்லுக்குச் சந்தோஷம் வேறு.

அப்புறம் ஆர்வெல்லின் மனைவி ஐலீன். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் சமயம் பார்சிலோனாவில் ஆர்வெல்லைப் போலீஸ் தேடியபோது, ஓட்டல் கூடத்தில் சிரித்தபடி கழுத்தில் கைபோட்டு, ‘வெளியே போ’ என்று காதில் கிசுகிசுத்துக் கணவரைக் காப்பாற்றியவர். 1938-இல் வந்த ஆர்வெல்லின் ஸ்பெயின் நூல் முழுக்க ஐலீன் வெறும் ‘என் மனைவி’.

ஆர்வெல்லை நான் ஒதுக்கப்போவதில்லை. ஆனால் இத்தனை வருஷம் படித்தும் இந்த இருவரையும் தாண்டிப் போயிருக்கிறேனே, அதுதான் மனதை அறுக்கிறது.