குரங்கு முகத்து ராஜாவும் ஓவியர் சிங்காதனமும்

திருவாரூருக்குப் போகிறவர்களில் பலர் வன்மீகநாதர், தியாகராஜர், கமலாம்பாள் என்று தரிசனம் முடித்து, கமலாலயக் குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே கோயிலில் உள்ள தேவாசிரிய மண்டபத்தின் பக்கம் வருகிறவர்கள் குறைவு, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. சுந்தரர் அடியார் கூட்டத்தைக் கண்டு 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று திருத்தொண்டத்தொகை பாடக் காரணமான இடம் அது. அந்த ஒன்றுக்காகவே போகலாம். போனால் மறக்காமல் அண்ணாந்து பாருங்கள்.

விதானம் முழுக்க வரிசை வரிசையாக முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை, ஓவியங்களாக. ஒரு சிவராத்திரி இரவு, கயிலாயத்தில் வில்வ மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று சும்மா இலையைப் பறித்துப் பறித்துக் கீழே போட, அது அம்மையப்பர் மேல் விழுந்து அர்ச்சனையாகிவிட்டது. சக்கரவர்த்தியாகப் பிறப்பாய் என்று சுவாமி வரம் கொடுத்தபோது, வந்த வழி மறக்காதிருக்க இந்தக் குரங்கு முகம் மட்டும் மாறாமல் இருக்கட்டும் என்று கேட்டதாம் அது. இப்படி ஒரு வரம் கேட்க எவ்வளவு பக்குவம் வேண்டும்!

பட்டாடை, நகை, கிரீடம் எல்லாம் அசல் ராஜாவுக்கு உரியவை, முகம் மட்டும் குரங்கு. சுற்றிலும் மனித முகங்களோடு சேவகர்கள் கைகட்டி நிற்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் கேலி இல்லை. சிவப்புப் பின்னணி, பக்கவாட்டில் திரும்பிய முகங்கள், பெரிய பெரிய கண்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இது இன்னது என்று தமிழிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் நின்றால் கதை நகராது, கழுத்து வலித்தாலும் நடந்துகொண்டே படிக்க வேண்டும்.

அசுரப் போரில் உதவிய முசுகுந்தனிடம் என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, அவன் கேட்டது திருமால் தன் மார்பில் வைத்துப் பூஜித்த தியாகராஜரை. கொடுக்க மனமில்லாத இந்திரன் அச்சு அசலாக இன்னும் ஆறு உருவங்கள் செய்யச் சொல்லி முன்னால் வைக்கிறான். முசுகுந்தன் சரியானதைக் கண்டுபிடித்துவிட, இந்திரன் ஏழு உருவங்களையுமே கொடுத்துவிடுகிறான். திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் என்று இன்று நாம் சுற்றிவரும் சப்தவிடங்கத் தலங்கள் அப்படி வந்தவைதான்.

அப்புறம் தியாகேசர் பூமிக்கு வந்து வீதியுலா போகும் காட்சிகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆடுகிற பெண்கள், வாத்தியக்காரர்கள், குடைகள், வாணவேடிக்கை கூட உண்டு. புராணக் கதைக்குள் தன் காலத்துத் திருவிழாவையே கொண்டுவந்து வைத்துவிட்டார் ஓவியர். தஞ்சையை மராட்டிய மன்னர் ஷாஜி (1684–1712) ஆண்ட காலத்தவை இவை என்கிறார்கள். வரைந்தவர் பெயர் சிங்காதனம். நம் கோயில் ஓவியங்களில் வரைந்தவர் பெயர் கிடைப்பதே அபூர்வம், இவரோ தன்னையும் ஒரு அடியாராக அங்கே வரைந்து, பெயரும் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்ததும் என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன்.

நிறைய இடங்களில் வண்ணம் உதிர்ந்துதான் இருக்கிறது. பழம்பெரும் கலைச்சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பொறுப்பாகச் சுத்தம் செய்து சீராக்கியதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. தயவுசெய்து ஃபிளாஷ் போடாதீர்கள், தூண்களில் விபூதி குங்குமம் தடவாதீர்கள்.

மண்டபத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், பூட்டியிருந்தால் கோயில் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அப்படியே இருந்து சாயரட்சை என்னும் மாலை பூஜையும் பார்த்துவிடுங்கள். அந்த வேளையில் தேவர்களோடு இந்திரனும் இங்கே வந்து வழிபடுவதாக ஐதீகம். மனமில்லாமல் கொடுத்த சுவாமியைப் பார்க்க, கொடுத்தவனே தினமும் வருகிறான்.