வரவேற்பு மேசையில் நன்னாரியும் சாராயமும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் சாப்பாட்டைப் பற்றி இரவிரவாகப் பேச்சு நடக்கும். எத்தனை கறி, சொதிக்குத் தேங்காய் எங்கே எடுப்பது, பாயாசத்துக்குச் சவ்வரிசியா சேமியாவா என்று ஒன்றும் விடுபடாது. குடிப்பதற்கு என்ன என்று கேட்டால் மட்டும், "ஓரஞ்சுக் கரைசல் இரண்டு வாளி கரைத்துவிடலாம்" என்பதோடு கதை முடிந்துவிடும். என் தங்கையின் கல்யாணத்தில் இந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வைகாசி வெயிலில் பட்டுச்சேலையோடு வந்து இறங்குகிற ஒருவருடைய கையில் நாம் முதலில் கொடுப்பது ஒரு குவளை பானம். அதை நிறம் போட்ட சீனித்தண்ணீராகக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தாலிகட்டு காலையில், கோயில் மண்டபத்தில். அங்கே மது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாலை வரவேற்பு நகரத்து ஹோட்டல் ஒன்றில். மாப்பிள்ளை ரொறன்ரோவில் வளர்ந்தவர். அவருடைய நண்பர்களும் வருகிறார்கள். பார் ஒன்று வேண்டும் என்று அவர்கள் பக்கம் கேட்டார்கள். அம்மா உடனே மறுத்தார். "எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் போத்தல் வைத்ததில்லை, பிள்ளை. பெரியவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குடியால் சீரழிந்த வீடுகள் எங்கள் ஊரில் ஒன்றிரண்டல்ல, அம்மா அவற்றைக் கிட்ட இருந்து பார்த்தவர்.

ஆனால் பார் இல்லாத வரவேற்புகளில் நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்துக்கு வெளியே நிற்கும் வான் வண்டியின் பின்கதவு திறக்கும். பிளாஸ்டிக் கப் கைமாறும். பந்திக்குக் கூப்பிட்டால் ஆண்களில் பாதிப்பேர் உள்ளே இல்லை. ஒளித்துக் குடிக்கிறவர் அவசரமாகக் குடிக்கிறார், தண்ணீர் சேர்க்காமல் குடிக்கிறார், எவ்வளவு குடித்தார் என்பது அவருக்கே தெரியாது. வெளிச்சத்தில், ஒருவர் அளந்து ஊற்றிக் கொடுக்கிற மேசை அதைவிடப் பாதுகாப்பானது என்று அம்மாவிடம் சொன்னேன். மாமாவும் எனக்குத் துணையாகப் பேசினார். கடைசியில் அம்மா மூன்று நிபந்தனைகளோடு சம்மதித்தார்: மேடைக்கு நேரே பார் இருக்கக் கூடாது, ஒன்பது மணிக்கு மூட வேண்டும், குடிக்காதவர்களுக்கான பானம் குடிக்கிறவர்களுக்கு வைப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் என் பட்டியலுக்கு அடித்தளம் ஆனது.

அனுமதி விடயத்தில் ஹோட்டலிலேயே வைத்துக்கொண்டது பெரிய உதவி. மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் ஏற்கெனவே உள்ள இடம் என்பதால் நாங்கள் தனியாக அலைய வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவரும் போத்தலுக்கு அவர்கள் ஒரு கட்டணம் கேட்டார்கள். திறக்காத போத்தலை அவர்களே திரும்ப எடுப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்கினோம். நாள் குறிக்கும்போது பூரணையையும் பார்க்க வேண்டும். போயா எனப்படும் பூரணை தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை உண்டு. சோதிடர் கொடுத்த நாட்களில் ஒன்று வெசாக் விடுமுறையோடு ஒட்டி வந்ததால் அதைத் தவிர்த்தோம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஊற்றக் கூடாது என்ற சட்டத்தை ஹோட்டல்காரரோடு சேர்ந்து எங்கள் பெடியன்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

பட்டியலை நான் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும். கடலோரப் பக்கம் போனால் சவரும் சேரும். அந்தத் தண்ணீரில் கரைத்த சர்பத்தையும் வடிகட்டிய தண்ணீரில் கரைத்ததையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். முதலாவதில் தேசிக்காய்ப் புளி அமுங்கி, வாசம் மங்கி நிற்கும். ஆகவே பானத்துக்கும் ஐஸ் கட்டிக்கும் வடிகட்டிய தண்ணீர் மட்டும் என்று முடிவு செய்தேன். ஐஸ் விடயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தை உடைத்துக் குவளைக்குள் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது குடிப்பதற்காகச் செய்த ஐஸ் அல்ல. போத்தல்களைக் குளிரவைக்கும் பெட்டிகளுக்கு அது போதும், குவளைக்குள் போகவே கூடாது. இரண்டையும் வெவ்வேறு நிற மூடி போட்ட ரெஜிபோம் பெட்டிகளில் வைத்து, குவளைக்கான பெட்டிக்கு ஒரு தம்பியைக் காவலாகவே நிறுத்தினேன்.

அடுத்தது நன்னாரி. கடையில் கிடைக்கும் பாணிகளில் நிறமும் சீனியும் முந்திக்கொண்டு நிற்கின்றன, வேரின் வாசம் பின்னால் எங்கோ இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராக வாங்கினேன். நன்றாகக் கழுவி, உரலில் மெதுவாக இடித்தால் மேல்தோல் கழன்றுவிடும். வாசம் முழுவதும் அந்தத் தோலில்தான்; நடுவில் உள்ள வெண்ணிறத் தண்டு வெறும் விறகு, அதை எறிந்துவிடலாம். தோலின்மேல் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். காலையில் வடித்து, ஆறிய சீனிப்பாகில் கலந்தால் தேன் நிறத்தில் ஒரு பாணி வரும். மூடியைத் திறந்ததும் மழை விழுந்த மண்ணின் வாசத்தோடு கொஞ்சம் வனிலாவும் கலந்தாற்போல் இருக்கும்.

பாணியை எந்த அளவில் கரைப்பது என்பதைச் சமையலறையில் நின்று முடிவு செய்யக் கூடாது. குவளை நிறைய ஐஸ் போட்டு, பானத்தை ஊற்றி, பத்து நிமிடம் பேசாமல் வைத்துவிட்டு அதற்குப் பிறகு குடித்துப் பார்க்க வேண்டும். விருந்தினர் குடிப்பது அந்தப் பத்தாவது நிமிடத்துப் பானத்தைத்தான், ஏனென்றால் முதல் பத்து நிமிடம் அவர்கள் உறவினரோடு கதைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பார்த்தபோது ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்பது வெளிறிப்போயிருந்தது. ஒன்றுக்கு நான்கு, ஒரு சிட்டிகை உப்பு, தேசிக்காயை ஊற்றும் நேரத்தில் பிழிதல் என்று வைத்துக்கொண்டோம். முன்கூட்டியே பிழிந்து வைத்த தேசிக்காய்ப் புளி மாலைக்குள் கசக்கத் தொடங்கும்.

மாம்பழத்துக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. வைகாசியில் கறுத்தக்கொழும்பான் இருக்கும்போது போத்தலில் அடைத்த மாம்பழச் சாறு எதற்கு? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுத்து, கையால் பிசைந்து, நார் போக வடித்து, தண்ணீர் மட்டும் சேர்த்தோம். வயதானவர்களுக்காக இஞ்சியும் கறிவேப்பிலையும் இட்ட மோர்.

கருப்பநீர் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பனையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் பனஞ்சாறு புளிக்காமல் இனிப்பாகவே இறங்கும், அதுதான் கருப்பநீர். பூசாவிட்டால் அதுவே கள். எங்களுக்குத் தெரிந்த சீவல் தொழிலாளி ஒருவர் அன்று காலை இறக்கியதைத் துணியில் வடித்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். பச்சை மாங்காய்த் துண்டு போட்டு, பனையோலையில் கோலிய சின்னப் பிளாவில் கொடுத்தோம். ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளைகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் கள்ளும் கேட்டிருந்தார்கள். காலையில் இறக்கிய கள் மாலை ஏழு மணிக்குக் கடும் புளிப்பேறி நிற்கும் என்பதால் அதை மறுத்துவிட்டு, போத்தலில் அடைத்த பனங்கள்ளில் கொஞ்சம் எடுத்தோம்.

மதுப் பட்டியலை வேண்டுமென்றே குறுகலாக வைத்தேன். தென்னஞ்சாராயம், ஒரு விஸ்கி, பியர், கொஞ்சம் வைன். பியரில் லயன் லாகர் மட்டும். அதன் வலு 4.8 வீதம். கறுப்புப் பியரான லயன் ஸ்டவுட் 8.8 வீதம், இரண்டையும் ஒரே வேகத்தில் குடிக்கிற கூட்டத்துக்கு அதை வைப்பது சரியில்லை. மாமா பனஞ்சாராயம் கேட்டார். திக்கம் வடிசாலையின் பெயரோடு வளர்ந்த வடமராட்சிக்காரர் அவர், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதன் வாசம் கனமானது; பழகாதவர்கள் முகம் சுளிப்பார்கள், பழகியவர்கள் வேறொன்றைத் தொடமாட்டார்கள். அவருக்காகவும் அவருடைய தோழர்களுக்காகவும் இரண்டு போத்தல்.

கலந்து கொடுக்கும் பானம் ஒன்றே ஒன்று: 50 மில்லிலீற்றர் சாராயம், ஒரு மேசைக்கரண்டி நன்னாரிப் பாணி, அரைத் தேசிக்காய், மிச்சத்துக்கு ஜிஞ்சர் பியர். சாராயத்தை விட்டுவிட்டால் அதுவே குடிக்காதவர்களுக்கான பானம். இரண்டையும் ஒரே உயரக் குவளையில், ஒரே தேசிக்காய்த் துண்டோடு கொடுக்கச் சொன்னேன். யார் கையில் எது இருக்கிறது என்று யாரும் பார்க்கத் தேவையில்லை, குடிக்காதவரை வற்புறுத்தவும் ஆள் வராது. கலக்கும் மேசையை மட்டும் இரண்டாகப் பிரித்து, அவரவர் கேட்டதே அவரவர் கைக்குப் போவதை உறுதிசெய்தோம்.

கணக்கு இப்படிப் போட்டேன். 250 பேர், நான்கு மணி நேரம். முதல் மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு குவளை, பிறகு மணிக்கு ஒன்று. ஆக 1,250 குவளை. ஐஸ் போக ஒரு குவளைக்குள் சுமார் 130 மில்லிலீற்றர்தான் பானம் பிடிக்கும் என்பதால் 160 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே. மது எடுப்பவர்கள் 60 பேர் என்று மாமாவும் மாப்பிள்ளையும் பெயர் சொல்லிச் சொல்லி எண்ணினார்கள். ஆளுக்கு நான்கு என்றால் 240 தடவை ஊற்ற வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பியர். மிச்சம் 160; 750 மில்லிலீற்றர் போத்தலில் தடவைக்கு 50 மில்லிலீற்றராக 15 தடவை ஊற்றலாம் என்பதால் 11 போத்தல் போதும். கைகாவலாக 14 எடுத்தோம். குவளைக்கான ஐஸ் மட்டும் ஆளுக்கு அரைக் கிலோ.

அன்று மாலை முதலில் முடிந்தது கருப்பநீர், அடுத்தது மாம்பழம். நன்னாரியை அம்மாவின் தோழிகள் மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். ஒன்பதுக்குப் பார் மூடியது. முணுமுணுப்பு கொஞ்சம் இருந்தது, பந்தி தொடங்கியதும் அடங்கியது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களில் குடித்தவர்களைக் கொண்டுபோய் விட இரண்டு வான் நின்றன. வண்டிச் சாவிகளை மாமா தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாருக்கும் கொடுக்கவில்லை.

விஸ்கியில் இரண்டும் சாராயத்தில் ஒன்றும் திறக்காமல் ஹோட்டலுக்குத் திரும்பின. மோர் அதிகமாகிவிட்டது, 250 பேருக்கு 20 லீற்றர் தாராளம். ஆவணியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மாம்பழக் காலம் அதற்குள் போய்விடும். அந்த இடத்துக்கு விளாம்பழம் வைக்கலாமா என்று சித்தி கேட்டிருக்கிறார். பனங்கட்டி சேர்த்துக் கரைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அதையும் ஐஸில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத்தான் குடித்துப் பார்க்க வேண்டும்.