மூன்று சிலிண்டர், நான்கு ஓட்டை

2 மார்ச் 2025, ஞாயிறு

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு கீரைத் தோட்டம். அதன் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கொட்டகையில் ஒரு மாஸி பெர்கூசன் 35 டிராக்டர் நிற்கிறது. நிறம் சிவப்பு என்று நம்பித்தான் சொல்ல வேண்டும். கப்பல் பட்டறையில் முப்பத்திரண்டு ஆண்டு ஃபிட்டராக இருந்தவனுக்கு டிராக்டரை ஓடவைப்பது என்ன கம்பசூத்திரமா என்று வாயை விட்டுவிட்டேன். "போலே?" என்றார் தவுக்கே. "போலே" என்றேன். மலாயில் அதற்கு 'முடியும்' என்று பொருள். தமிழ்க் காதுக்கு 'மாதிரி' என்று கேட்கிறது. இந்த வண்டிக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ரேடியேட்டர் வேறொரு வண்டியுடையது, பின்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை.

5 மார்ச், புதன்

ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு, வந்தது. உறையைப் பிரித்தால் நான்கு பெரிய ஓட்டை. எங்கள் எஞ்சினில் சிலிண்டர் மூன்று. கடைக்காரரைத் திட்டவும் முடியாது. '35' என்று மட்டும் சொன்னது நான்தான். முதலில் வந்த 35 டீசல்களில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின், 1959 வாக்கில்தான் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது. அக்கா மகன் அடுத்த வாரம் சென்னையிலிருந்து வருகிறான். டாஃபே நிறுவனம் இதே குடும்பத்து டிராக்டர்களை அங்கே செய்துவந்ததால் பாகங்கள் கிடைக்கும். 'பெர்கின்ஸ் ஏ3.152' என்று எழுதி, ஹெட்டைப் படமும் எடுத்து அனுப்பினேன்.

"மாமா, பெட்டியில் முறுக்குக்கு இடம் வேண்டாமா?" என்கிறான்.

15 மார்ச், சனி

கேஸ்கெட் வந்துவிட்டது. மூன்று ஓட்டை. முறுக்கும் வந்தது, பாதி தூளாக.

இன்று வாட்டர் பம்ப். முன்பு கைவைத்த புண்ணியவான் 5/16 அங்குல மரையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார். 7.94க்கும் 8க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றில் மரைக்கு மரை 1.41 மில்லிமீட்டர், மற்றதில் 1.25. இரண்டு சுற்று சாதுவாக உள்ளே போகும், மூன்றாவதில் கடிக்கும். போல்ட்டைக் கழற்றியபோது பிளாக்கின் மரை மாவாக உதிர்ந்தது. நல்லவேளையாக, 3/8 மரை வெட்டத் துளைக்க வேண்டிய அளவே 5/16 அங்குலம்தான். மிச்ச மரையைத் துளைத்தெடுத்து, டேப் கருவியால் புது மரை வெட்டி, பம்பின் காதில் போல்ட் நுழையும் துளையையும் கொஞ்சம் அகலப்படுத்தினேன். ஒரு போல்ட்டுக்கு நாலு மணி நேரம்.

22 மார்ச், சனி

ஹெட் ஏறிவிட்டது. வால்வு இடைவெளி 0.30 மில்லிமீட்டர் வைத்தேன். பிறகு டீசல் குழாயில் காற்று எடுக்கும் வேலை. ஃபில்டர் தலைத் திருகைத் தளர்த்தி தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் கைநெம்பை ஆட்டினால், ஆடுகிற பல்லைப் போலத் தொளதொளவென்று வருகிறது. பம்ப் போய்விட்டது என்று ஸ்பேனரை வைத்த பிறகுதான் உறைத்தது: பம்பை இயக்கும் கேம் தன் மேட்டில் நின்றால் நெம்புக்கு வேலையே இல்லை. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினேன். கேம் அரைச் சுற்று நகர்ந்தது. நெம்பு கனத்தது. திருகின் ஓரத்தில் முதலில் நுரை, பிறகு குமிழ், பிறகு இழை அறாத டீசல்.

23 மார்ச், ஞாயிறு

ஸ்டார்ட்டர் மூன்று தடவை முனகியது. நான்காவதில் கொட்டகை முழுதும் வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து அந்த மூன்று சிலிண்டர் நொண்டித் தாளம். அக்கா மகன் கை தட்டினான். நான் தட்டவில்லை, எண்ணெய் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கலப்பை தூக்கும் கைகள் மட்டும் அசையவில்லை. எண்ணெய் நிறைய இருக்கிறது. பின்பக்கத்தைப் பிளந்து ஹைட்ராலிக் பம்பை வெளியே எடுப்பதென்றால் இன்னும் ஒரு மாதம். மனக்கணக்குப் போட்டபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வண்டியில் அந்த பம்பைச் சுற்றுவதே, பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் விசையைக் கொடுக்கும் பிடிஓ தண்டுதான் என்பதை மறந்தே போனேன். தவுக்கே சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார், கிளட்சை அழுத்தினார், இருக்கைக்கு இடப்புறம் கீழே இருந்த பிடிஓ நெம்பை நகர்த்தினார், கிளட்சை விட்டார். கைகள் இரண்டும் எழுந்தன.

"போலே" என்றார்.